உஷார்! பாஞ்சாலங்குறிச்சியின் புள்ளியைத் தின்னும் பில்லிங் புரோகிராம்

பஞசலஙகறசச.

ரசீதில் இப்படி ஓர் ஊர்ப் பெயர் அச்சாகி வந்தால் அது எந்த ஊர் என்று யாரால் சொல்ல முடியும்? பாஞ்சாலங்குறிச்சிதான். ஓட்டப்பிடாரம் வட்டத்தில் 1974-இல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை நிற்கிற அதே பாஞ்சாலங்குறிச்சி. எப்போதும்வென்றான் என்ற ஊர் 'எபபதமவனறன' ஆகிறது. கோவில்பட்டி 'கவலபடட' ஆகிறது. பிரிண்டர் பழுதில்லை, ஃபான்ட்டிலும் குறையில்லை. பெயர்ப் பெட்டிக்குள் எண்ணோ குறியோ வந்துவிடக் கூடாது, எழுத்து மட்டும் வரட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் எழுதிய நாலு வரி நிரல் செய்த வேலை இது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கமிஷன் கடைக்கும் உரக்கடைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கடலைமிட்டாய்க் கடைக்கும் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற தம்பி தங்கைகளே, அதைக் காசு கொடுத்து வாங்குகிற அண்ணாச்சிகளே, இது உங்களுக்கான அவசரச் செய்தி. ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை, மாசியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது கடையில் நிற்க இடமிருக்காது. நிரலைத் திருத்த அப்போது யாருக்கும் நேரமும் இருக்காது. விசைப்பலகையை உங்கள் புரோகிராம் எப்படிக் கையாள்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

முதலில் அந்த நாலு வரி. பெட்டிக்குள் ஒவ்வொரு விசை விழும்போதும் புரோகிராம் தடுத்து நிறுத்தி 'நீ எழுத்தா?' என்று கேட்கிறது. எழுத்து என்றால் உள்ளே விடுகிறது, இல்லையென்றால் விழுங்கிவிடுகிறது. சி-ஷார்ப்பில் 'இஸ்லெட்டர்', ஜாவாவிலும் அதே பெயர், பைத்தானில் 'இஸ்ஆல்ஃபா', கியூட்டியிலும் இதே மாதிரி ஒன்று. எல்லாமே யூனிகோடு அட்டவணையைப் பார்த்துத்தான் பதில் சொல்கின்றன. அந்த அட்டவணையில் 'க' எழுத்து. ஆனால் 'ா', 'ி', 'ு', 'ெ' எல்லாம் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. புள்ளியும் அப்படித்தான். ஆங்கிலப் பெயருக்கு எழுதிய காவல்காரன் தமிழில் உயிர்மெய்யின் உயிரையும் மெய்யின் புள்ளியையும் வாசலிலேயே பறித்துக்கொள்கிறான்.

ஜாவாவில் 'இஸ்ஆல்ஃபபெடிக்' என்ற இன்னொன்று இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. அது கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் விடும், புள்ளியை மட்டும் விடாது. கோவில்பட்டி அப்போது 'கோவிலபடடி' ஆகும். இது முதல் பிழையைவிட மோசம். முதலாவது பார்த்த உடனே கண்ணில் குத்தும். இரண்டாவது அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும், தப்பி வங்கிப் பாஸ்புக்கோடும் பட்டாவோடும் ஒத்துப் பார்க்கிற இடத்தில்தான் மாட்டும். பெயரில் ஒரு புள்ளி வேறுபட்டதற்காக அலைகிற சம்சாரியின் ஒருநாள் கூலியை யார் கொடுப்பது?

வழி எளிது. விசை விழும் நேரத்தில் வடிகட்டாதீர்கள். பெயர் முழுவதையும் தட்டச்சு செய்யவிட்டு, பெட்டியை விட்டு வெளியேறும்போதோ சேமிக்கும்போதோ மொத்தச் சொல்லையும் சோதியுங்கள். சோதிக்கும்போது எழுத்து வகையோடு குறி வகை இரண்டையும் அனுமதியுங்கள். இரண்டு என்று சொல்லக் காரணம் உண்டு. யூனிகோடில் குறிகள் இடம்பிடிப்பவை, இடம்பிடிக்காதவை என்று பிரிந்திருக்கின்றன. 'ா', 'ி' முதல் வகை. புள்ளியும் 'ீ'யும் இரண்டாம் வகை. முதல் வகையை மட்டும் அனுமதித்தால் மீனாட்சி 'மனாடசி' ஆகிவிடுவாள்.

பெட்டியின் நீளத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பாஞ்சாலங்குறிச்சி நமக்கு 9 எழுத்து. யூனிகோடு கணக்கில் 17. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 51 பைட்டு. 'ஊர்ப் பெயருக்கு 15 போதும்' என்று எல்லை வைத்தால் 'பாஞ்சாலங்குறிச்' என்று பாதியில் நின்றுவிடும்.

இதெல்லாம் மேல்மட்டப் பிழை. அடியில் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது: விசையும் எழுத்தும் ஒன்று என்ற எண்ணம். ஆங்கிலத்தில் மட்டும் பழகியவருக்கு ஒரு விசை, ஓர் எழுத்து. தமிழில் அப்படி நடப்பதே இல்லை.

விண்டோஸில் ஒரு விசையை அழுத்தினால் முதலில் 'கீ-டவுன்' நிகழ்வு வருகிறது. எந்த விசை அழுந்தியது என்பதைத்தான் அது சொல்லும். அதற்குப் பிறகு, அப்போது இருக்கும் விசைப்பலகை அமைப்பைப் பார்த்து, எந்த எழுத்து பிறந்தது என்று இன்னொரு செய்தி வருகிறது. விடும்போது 'கீ-அப்'. ஜாவா ஸ்விங்கிலும் அழுத்தியது, தட்டச்சானது, விட்டது என்று மூன்று தனித்தனி. கியூட்டியிலும் ஜிடிகேயிலும் உள்ளீட்டு முறைக்கென்றே தனி நிகழ்வு வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் பிரித்து வைத்தது காரணத்தோடுதான். கீ-டவுனில் கிடைக்கும் விசை எண்ணை எடுத்து அதையே எழுத்தாக மாற்றித் திரையில் போடுகிற புரோகிராம் தமிழுக்கு ஒரு நாளும் உதவாது. சொந்தமாக ஒரு பெட்டி வரைந்து அதில் தட்டச்சைக் கையாள ஆசைப்படுகிற மாணவர்கள் முதலில் விழுகிற குழி இதுதான்.

நம் பக்கம் தமிழ் அடிக்கிறவர்கள் எத்தனை விதம் என்று எண்ணிப் பாருங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்த அக்கா பழைய தட்டச்சு முறையில் அடிப்பார். டிடிபி கடையில் வேலை பார்த்த அண்ணன் பாமினியில் அடிப்பார். கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கில ஒலியை வைத்து 'அம்மா' அடிப்பார்கள். இந்தக் குழப்பம் தீரத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 அரசின் தரமாக வந்தது. ஆனாலும் பழகிய விரல் மாறுவதில்லை. ஆகவே என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற மென்பொருள்களைப் போட்டுக்கொண்டு அவரவர் வழியில் அடிக்கிறார்கள். விண்டோஸ் 10-இலேயே தமிழ்99 உண்டு என்றாலும் கடைகளில் பழைய பழக்கம்தான் ஓடுகிறது.

இங்கேதான் உள்ளே மறைந்திருக்கும் பேக்ஸ்பேஸ் வருகிறது. இதைப் பலர் அறியவே இல்லை. ஒலிபெயர்ப்பு முறையில் 'கே' விசையைத் தட்டினால் 'க்' வரும். அடுத்து 'ஏ' தட்டினால் 'க' ஆகவேண்டும். அந்தப் புள்ளி எப்படிப் போகிறது? விசைகளை இடையில் மறித்துக் கேட்கும் ஹூக் முறையில் இயங்கும் மென்பொருள் நீங்கள் தட்டாத ஒரு பேக்ஸ்பேஸை உங்கள் புரோகிராமுக்கு அனுப்பிப் புள்ளியை அழிக்கிறது. பழைய தட்டச்சு முறையில் இன்னும் அதிகம். அதில் 'ெ'யை முதலில் அடித்துவிட்டுத்தான் 'க' அடிப்பார்கள். யூனிகோடிலோ 'க' முன்னே, 'ெ' பின்னே. ஆகவே போட்ட கொம்பை அழித்து, எழுத்தைப் போட்டு, கொம்பைத் திரும்பப் போடவேண்டும். ஒரு பெயர் அடித்து முடிப்பதற்குள் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பேக்ஸ்பேஸ்கள் பல ஓடிவிடும்.

இப்போது உங்கள் புரோகிராமை எண்ணிப் பாருங்கள். பில் வரிசையில் ஒரு வரியை நீக்க பேக்ஸ்பேஸை வைத்திருக்கிறீர்களா? 'முந்தைய பக்கம்' போக வைத்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். கடைக்காரர் தமிழில் 'கருப்பசாமி' என்று அடிக்கத் தொடங்கியதும் மேலே போட்ட வரி ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பேய் பிடித்த கம்ப்யூட்டர் என்று அண்ணாச்சி சொன்னால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

பேர் அடிக்க அடிக்கப் பட்டியலிலிருந்து மீதியை நிரப்பித் தருகிற வசதியும் இதே இடத்தில் உடைகிறது. 'க்' அடித்ததும் நிரல் ஒரு பெயரை நிரப்பி, நிரப்பிய பகுதியைத் தேர்ந்தெடுத்த நிலையில் வைக்கும். அடுத்த கணம் வரும் மறைந்த பேக்ஸ்பேஸ் அந்தத் தேர்வை அழிக்குமே தவிர புள்ளியைத் தொடாது. பெயர் 'க்ரு' என்று தொடங்கிவிடும். ஆகவே தமிழ்ப் பெயர்களுக்கு நிரப்பும் வசதியை எழுத்துக்குள் செருகாதீர்கள். கீழே தனிப் பட்டியலாகக் காட்டுங்கள், ஆளே தேர்ந்தெடுக்கட்டும்.

இன்னொன்று, ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான் வரும் என்று நம்பி முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற நிரல். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். இரண்டாம் தட்டலில் புள்ளியும் எழுத்தும் சேர்ந்து வருகின்றன. ஷிஃப்ட்டோடு 'டி' விசையைத் தட்டினால் 'க்ஷ', அதற்குள் மூன்று குறியீடு. ஷிஃப்ட்டோடு 'ஒய்' விசையைத் தட்டினால் 'ஸ்ரீ', அதற்குள் நான்கு. முதலாவதை மட்டும் எடுத்தால் ஸ்ரீதேவி 'ஸதேவி' ஆவாள்.

பழைய விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய புரோகிராமை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரே வரி: அதன் சாதாரணப் பெட்டிகளில் யூனிகோடு தமிழ் கேள்விக்குறிகளாகத்தான் விழும். அதை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாமல் மாற்றிவிடுங்கள்.

'ஒய்', 'என்' விவகாரம் இன்னும் பயங்கரம். 'இந்தப் பில்லை ரத்து செய்யவா? ஒய் அல்லது என்' என்று கேட்கிற புரோகிராம்கள் ஏராளம். தமிழ்99 ஓடிக்கொண்டிருக்கும்போது 'ஒய்' விசையில் 'ள' வரும், 'என்' விசையில் 'ல' வரும். நிரல் எழுதியவர் 'என் என்றால் விட்டுவிடு, மற்றபடி ரத்து செய்' என்று எழுதியிருந்தால்? கடைக்காரர் வேண்டாம் என்று 'என்' தட்டுகிறார், 'ல' போகிறது, 'ல' என்பது 'என்' அல்ல, பில் போய்விட்டது. விசை எண்ணைப் பார்த்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்றால் அதுவும் பாதி உண்மைதான். விண்டோஸின் சொந்தத் தமிழ்99-இல் விசை எண் மாறாது. ஹூக் முறை மென்பொருளோ உண்மையான விசையை விழுங்கிவிட்டு, யூனிகோடு எழுத்தைத் தாங்கிய ஒரு பொட்டலமாக வேறு எண்ணில் அனுப்பும். அழிக்கிற வேலைக்கு எழுத்து விசையை நம்பவே நம்பாதீர்கள். பொத்தான் வையுங்கள். அதிலும் என்டர் தட்டினால் இயங்குகிற பொத்தான் 'வேண்டாம்' என்பதாக இருக்கட்டும். தெளிவாக 'ஆம்' என்று வந்தால் மட்டும் செய்யுங்கள், 'இல்லை' என்று வராததையெல்லாம் ஆம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனை பதற்றம் எதற்கு, வெறும் பில்தானே என்று நினைப்பவர்களுக்கு உலகம் மறக்கக் கூடாத ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். கனடாவில் செய்தது, கணினிதான் அதை இயக்கும். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் டெக்சாஸ் மாநிலம் டைலர் ஊர் மருத்துவமனையில் நடந்த இரண்டு விபத்துகளுக்கும் காரணம் விசைப்பலகைத் திருத்தம்தான். அந்த நோயாளிகள் இருவரும் இறந்துபோனார்கள்.

நடந்தது இதுதான். எக்ஸ்-கதிரா, எலக்ட்ரான் கற்றையா என்பதை இயக்குபவர் ஓர் எழுத்தால் தட்டச்சு செய்யவேண்டும். பழக்கத்தில் எக்ஸ்-கதிருக்கான எழுத்து விழுந்துவிட்டது. மேல் அம்புக்குறி விசையால் ஏறிப்போய் அதை எலக்ட்ரான் என்று திருத்தி, மளமளவென்று என்டர் தட்டிக் கீழே இறங்கிவிட்டார். அதற்குள் நிரல் பழைய தேர்வுக்கான காந்தங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. அந்த வேலைக்குச் சுமார் 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடிக்குள் நடந்த திருத்தத்தை நிரல் கவனிக்கவே இல்லை. திரையில் புதியது, இயந்திரத்துக்குள் பழையதும் புதியதும் கலந்த கோலம். 'பிழை 54' என்று மட்டும் திரை சொன்னது. அந்த மாதிரிப் பிழைகள் தினசரி வரும், 'தொடர்' விசையைத் தட்டினால் வேலை நடக்கும் என்று பழகியிருந்ததால் தட்டினார்கள்.

மெதுவாகத் தட்டிப் பார்த்தவர்களால் இந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. பழகிய விரல்களின் வேகத்தில் மட்டும்தான் அது வந்தது. பிறகு இயந்திரத்தைச் செய்த நிறுவனம் மருத்துவமனைகளுக்குச் சொன்ன உடனடித் தீர்வு என்ன தெரியுமா? மேல் அம்புக்குறி விசையின் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே டேப் ஒட்டுங்கள் என்றது.

நம் கடைக்கு வருவோம். உளுந்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 7,400 ரூபாய், 2025-26-இல் 7,800. புரோகிராமில் பழைய விலை பதிந்து கிடக்கிறது என்று வையுங்கள். கணக்கப்பிள்ளை விலைப் பெட்டிக்குள் போய் 7,400-ஐ 7,800 என்று திருத்துகிறார். கர்சர் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது. அங்கிருந்தபடியே எஃப்12 தட்டிப் பில் போடுகிறார். பெட்டியை விட்டு வெளியேறும்போதுதான் புதிய மதிப்பை உள்ளே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நிரல் எழுதியிருந்தால், எஃப்12 கர்சரை நகர்த்துவதில்லை, வெளியேறும் நிகழ்வு நடப்பதே இல்லை. திரையில் 7,800, பில்லில் 7,400. பத்து குவிண்டால் கொண்டுவந்தவருக்கு 4,000 ரூபாய் காணோம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் அவர் நினைப்பார். கடைக்காரருக்கோ தான் சரியாகத் தட்டியதாகத்தான் நினைவு.

நிரலை எழுதிய தம்பி இந்தப் பிழையை ஒருபோதும் பார்த்திருக்க மாட்டான். ஏனென்றால் அவன் மவுசை எடுத்து 'சேமி' பொத்தானைக் கிளிக் செய்து சோதித்தான். கிளிக் செய்தால் கர்சர் நகர்கிறது, எல்லாம் சரியாகிறது. கடையில் மவுசைத் தொடுகிற வழக்கமே கிடையாது. குறுக்குவிசையில் சேமிக்கும் எந்தப் புரோகிராமும் முதல் வேலையாக, இப்போது கர்சர் நிற்கிற பெட்டியின் மதிப்பை எடுத்து முடித்துக்கொள்ளவேண்டும். பிறகு திரையில் இருப்பதை ஒரே முறை படித்து, அந்தப் பிரதியிலிருந்து மட்டும் பில்லைப் போடவேண்டும். சேமிப்பு பின்னணியில் ஓடும்போது பெட்டிகளைப் பூட்டிவிடுங்கள். தெராக்கில் இல்லாமல் போன பூட்டு அதுதான்.

எஃப்12-ஐ ஒருவர் விரலெடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? கீ-டவுன் நிகழ்வு ஒன்றல்ல, வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரே பில் நாலைந்து முறை பதியும், நாலைந்து முறை இருப்பிலிருந்து கழியும். கியூட்டியில் தானாகத் திரும்ப வந்ததா என்று கேட்க வழியிருக்கிறது, விண்டோஸ் செய்தியிலும் ஒரு பிட் அதற்கென்றே இருக்கிறது. கேட்டுவிட்டு, திரும்ப வந்ததைத் தள்ளிவிடுங்கள். பில் எண்ணையும் ஒரு முறைக்கு மேல் பதிய முடியாதபடி தரவுத்தளத்திலேயே தடை வையுங்கள்.

திரை உறைந்து நிற்கும்போது தட்டுகிற என்டர்களுக்கும் இதே கதி. திரை உறைந்தால் மனிதர் சும்மா இருக்கமாட்டார், என்டரைத் தட்டுவார், இன்னும் தட்டுவார். எல்லாம் வரிசையில் காத்திருக்கும். திரை விழித்த கணத்தில் அத்தனை என்டரும் அடுத்து முளைத்த பெட்டியின்மேல் விழும், அது 'பழைய கணக்கை அழிக்கவா?' என்ற பெட்டியாக இருந்தாலும். நேரம் பிடிக்கும் வேலையைத் திரையை இயக்கும் இழையில் செய்யாதீர்கள் என்று பாடப்புத்தகம் சொல்வது அழகுக்காக அல்ல.

பார்கோடு ஸ்கேனர் கடைக்காரர் கண்ணுக்கு ஸ்கேனர். புரோகிராமின் கண்ணுக்கு அதுவும் ஒரு விசைப்பலகைதான், மிக வேகமாகத் தட்டி முடிவில் என்டரும் தட்டுகிற விசைப்பலகை. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து, கர்சர் எண்ணிக்கைப் பெட்டியில் நிற்கும்போது ஸ்கேன் செய்து பாருங்கள். 890 என்று தொடங்கும் 13 இலக்கமும் எண்ணிக்கையாக விழுந்து என்டரும் விழும். லட்சக்கணக்கான கோடி பாக்கெட்டுக்குப் பில் வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். பெட்டி முதல் நாலு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து. 8,900 சொச்சம் பாக்கெட் என்று பதியும், மொத்த வியாபாரிக்கு அது நம்பக்கூடிய எண்தான். அழிக்கவா என்று கேட்டு நிற்கும் பெட்டியின்மேல் ஸ்கேன் செய்தால் கடைசி என்டரே ஆமோதித்துவிடும்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னே ஓர் அடையாளக் குறியை அனுப்பும்படி ஸ்கேனரை அமைத்துக்கொள்ளலாம், அநேக ஸ்கேனரில் அந்த வசதி உண்டு. அந்தக் குறி வந்தால் கர்சர் எங்கே நின்றாலும் அது பொருள் குறியீடு என்று புரோகிராம் எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் இயங்கும்போது ஸ்கேன் செய்யவும் கூடாது. ஸ்கேனர் ஆங்கில விசைகளைத்தான் தட்டுகிறது. 'டி', 'ஒய்' என்று பெரிய எழுத்தில் தொடங்கும் குறியீடு தமிழ்99-இல் 'க்ஷஸ்ரீ' என்று விழும். பொருள் பட்டியலில் இல்லை என்று புரோகிராம் சொல்லும், ஊழியர் புதுப் பொருளாகச் சேர்த்துவிடுவார்.

ஸ்ரீயைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற ஸ்ரீ இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று 'ஸ'வில் தொடங்கும். மற்றது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கும். எந்த மென்பொருளில் அடித்தீர்களோ அதைப் பொறுத்து மாறும். 'ொ'வும் ஒரே குறியாக வரலாம், 'ெ'யும் 'ா'வுமாகப் பிரிந்தும் வரலாம். அக்கா காலையில் அடித்த பெயரைத் தம்பி மாலையில் தேடினால் கிடைக்காது. இல்லை என்று நினைத்துப் புதிதாகச் சேர்ப்பார். ஒரே சம்சாரிக்கு இரண்டு கணக்கு, ஒன்றில் கடன், மற்றதில் வரவு. பிரிந்த குறிகளை ஒன்றாக்க யூனிகோடின் இயல்பாக்கம் போதும், பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு வரி. ஸ்ரீ மட்டும் அதில் அடங்காது, அதைத் தனியாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, இருப்பதிலேயே பெரிய ஆபத்து. தமிழ் அடிக்க உதவும் ஹூக் என்ற அதே கதவுதான் கடவுச்சொல் திருடுகிறவனுக்கும் கதவு. விண்டோஸில் விசைப்பலகைக்கு ஹூக் போட்ட மென்பொருள் உங்கள் பெட்டியில் அடிப்பதை மட்டுமல்ல, வங்கிப் பக்கத்தில் அடிப்பதையும், ஓடிபியையும், வாடிக்கையாளரின் ஆதார் எண்ணையும் பார்க்க முடியும். நல்ல மென்பொருள் பார்த்து மறந்துவிடும். யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்த 'இலவசத் தமிழ் டைப்பிங்' மறக்கும் என்பதற்கு என்ன உறுதி? பணம் நடமாடுகிற கணினியில், உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்காத தமிழ் மென்பொருள் எதையும் வைக்காதீர்கள். விண்டோஸிலேயே உள்ள தமிழ்99-ஐப் பழகினால் ஹூக்கே வேண்டாம், மறைந்த பேக்ஸ்பேஸ் தொல்லையும் இல்லை.

நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. எந்தத் திரையில் இருந்தாலும் ஒரு விசையைத் தட்டினால் பில் திறக்கவேண்டும் என்று கடைக்காரர் கேட்டார் என்பதற்காகப் பைத்தானில் ஒரு நூலகத்தை எடுத்து எல்லா விசையையும் கேட்கும் ஹூக் போடுகிறீர்கள். சோதனைக்காக ஒவ்வொரு விசையையும் கோப்பில் எழுதுகிறீர்கள். கொடுக்கும்போது அந்த வரியை நீக்க மறந்தால் நீங்கள் ஒரு கீலாகரை விற்றிருக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-த்திலிருந்தே இருக்கிறது, 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அந்த ஒரு விசைக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளும் வழி விண்டோஸிலேயே உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். தவிர, ஹூக்குக்குள் தரவுத்தளம் போன்ற மெதுவான வேலையைச் செய்தால் கணினி முழுவதும் தட்டச்சு திணறும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் அதிகபட்சம் 1 விநாடிதான் பொறுக்கும், அதற்குமேல் திரும்பத் திரும்பத் தாமதித்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஹூக்கைக் கழற்றிவிடும்.

அண்ணாச்சிகளே, கடைசித் தவணையைக் கொடுக்குமுன் எழுதிய பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கப்பிள்ளையையே, அவர் வழக்கமாக அடிக்கும் முறையில், வழக்கமான வேகத்தில் தட்டச் சொல்லுங்கள். பாஞ்சாலங்குறிச்சி, எப்போதும்வென்றான், ஸ்ரீதேவி, மீனாட்சி நான்கும் முழுதாக அச்சில் வரவேண்டும். விலையைத் திருத்திவிட்டு மவுசைத் தொடாமல் எஃப்12 தட்டட்டும், பில்லில் புது விலை இருக்கிறதா பாருங்கள். எஃப்12-ஐ மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கட்டும், ஒரே பில்தான் வரவேண்டும். எண்ணிக்கைப் பெட்டியில் நின்றுகொண்டு ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்யட்டும். தமிழ் இயங்கும்போது ரத்து கேட்கும் பெட்டியைத் திறந்து 'என்' தட்டட்டும். இதில் ஒன்று தவறினாலும் தவணையை நிறுத்தி வையுங்கள். அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வந்ததும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டிப் பாருங்கள், ஏனென்றால் விசைப்பலகை நிரலில் ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று உடைவது வழக்கம்.